மாற்று மூச்சு

சேர்ந்திசையில் பாடுவதைவிட நிற்பதுதான் கஷ்டம், மேடம். பாடிப் பழகாதவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். இரண்டு மணி நேரம் மரப்படியில் நிற்க வேண்டும். முட்டியை இறுக்கக் கூடாது. இறுக்கினால் தலை சுற்றி விழுவோம். எங்கள் வகுப்பில் முதல் வருடம் மட்டும் நாலு பேர் விழுந்தார்கள். அதனால் குரலுக்கு முன்னால் நல்ல ஷூ வேண்டும். எனக்கு இடம் கிடைத்த அன்று அக்கா வாங்கித் தந்ததும் அதுதான். கறுப்பு, தட்டைக் குதிகால். இப்போது காலில் இருப்பது அந்த ஷூதான்.

தண்ணீர் வேண்டாம், நன்றி. நீங்கள் மட்டும் கொஞ்சம் இடது பக்கமாக உட்கார முடியுமா? எனக்கு வலது காது கேட்காது. இரண்டரை வருடமாக இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. பாருங்கள், எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எங்களுடையது நாலு வருட இசைப் பட்டம். என் பாடம் பியானோ. ஆனால் எந்த வாத்தியம் படித்தாலும் சேர்ந்திசைக் குழுவில் பாடியே ஆக வேண்டும். திங்கள், புதன், வியாழன் மதியம் ஒத்திகை. அதற்கு இரண்டாம் வருடமும் நாலாம் வருடமும் தனித் தேர்வு உண்டு. ஒரு தடவை தவறலாம். இரண்டாவது தடவை தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள். பியானோவில் கொடி கட்டிப் பறந்தாலும் பட்டம் கிடையாது.

எங்கள் மாஸ்டர் தேர்வை ஜோடி ஜோடியாகத்தான் நடத்துவார். முதல் வருடமே ஒரே குரல்வகை உள்ள இரண்டிரண்டு பேரைச் சேர்த்துவிடுவார். கடைசிவரை மாற்ற மாட்டார். ஜோடிக்கு மதிப்பெண் ஒன்றுதான். "பக்கத்துல நிக்கிறவன் சத்தம் காதுல விழாதவன் இங்க எதுக்கு? வீட்டுக்குப் போயி குளியலறையில பாடட்டும்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். இரண்டாம் வருடத்துக்குப் பிறகு அதைக் கேட்கும்போதெல்லாம் நான் மட்டும் தாளைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

மாற்று மூச்சு என்று ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். நீளமான வரி வந்தால் ஒரே மூச்சில் யாராலும் பாட முடியாது. அதனால் ஜோடியில் ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கே அவள் வாங்குவாள், எங்கே நான் வாங்குவேன் என்று தாளில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வோம். அவள் கோடும் என் கோடும் ஒரே இடத்தில் விழக் கூடாது. சரியாகச் செய்தால் கேட்பவருக்கு அந்த வரி அறுபடாமல் போய்க்கொண்டே இருக்கும். எங்கள் இருவருடைய கோடும் மூன்றரை வருடத்தில் ஒருமுறைகூட மோதியதில்லை.

அவளுக்குத் தூண் என்று பெயர் வைத்தது மாஸ்டர். ஆள் உயரம், அகலம், கீழ்க்குரல். சுற்றிலும் எல்லோரும் சுருதி இறங்கினாலும் அவள் மட்டும் இறங்க மாட்டாள். மூன்றரை வருடம் விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். என் பங்கு பிஸ்கட்டையும் அவளே தின்பாள், கேட்டால் "கீழ்க்குரலுக்கு அடிவாரம் வேணும்டி" என்பாள். கெட்டில் கொதித்தால் அது என்ன சுரம் என்று சொல்வாள். ஒரு நாள் லிஃப்டில் ஏறியதும், "அரை சுரம் இறங்கிடுச்சு, மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லணும்" என்றாள். மறுநாள் லிஃப்ட் நின்றுபோனது. அப்படிப்பட்ட காது. எனக்கு அவளைப் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்றில்லை, ஆனால் உண்மை.

இரண்டாம் வருட விடுமுறையில் எனக்குப் பொன்னுக்குவீங்கி வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு வருவது, எனக்குப் பத்தொன்பது வயதில் வந்தது. கன்ன வீக்கம் வற்றியபோது வலது காது போயிருந்தது. திரும்பி வராது என்று எங்கள் ஊர் டாக்டர் சொன்னார். அம்மாவிடம் காது அடைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அம்மா சீருடை தைக்கும் கம்பெனியில் இருக்கிறாள். அக்கா படிப்பை விட்டுவிட்டு டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தாள், எனக்காக. "நீயாவது மேடையில நில்லுடி. நான் உக்காந்தே காலத்த ஓட்டிட்டேன்" என்று அடிக்கடி சொல்வாள். அவளிடம் போய், அரைக் காதோடு இசை படிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

பியானோவில் சமாளித்தேன். சாவியைத் தட்டினால் சுரம் தன்னால் வரும். சேர்ந்திசையில்தான் மாட்டிக்கொண்டேன். நாற்பது பேர் பாடும்போது ஒரு காதில் எல்லாம் குழம்பிக் கூழாகிவிடும். என் குரல் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அந்த வருடத் தேர்வில் தூண் எனக்கு வலது பக்கம் நின்றாள். கேட்காத பக்கம். நான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி முக்கால் சுரம் கீழே போய் முடித்தேன். இரண்டு பேரும் தேறவில்லை. அவளும் என்னால்தான் தவறினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த ஒத்திகையில் அவள் தானாக வந்து எனக்கு இடது பக்கம் நின்றாள். "அந்தப் பக்கம் ஃபேன் காத்து மூஞ்சியில அடிக்குது, நீ அங்க நில்லு" என்றாள். நல்ல வேளை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் குரலைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போவோமே, அது மாதிரி. என் இடது காதுக்கு அருகே அவள் வாய். நான் ஒரு தடவைகூட இறங்கவில்லை. அடுத்த வருடம் அந்தத் தேர்வில் இருவரும் தேறினோம். பிறகு மிஞ்சியிருந்தது நாலாம் வருடத் தேர்வு ஒன்றுதான். ஒருமுறை தவறியவர்கள் என்பதால் அதில் எங்களுக்கு இன்னொரு வாய்ப்பு கிடையாது.

நாலாம் வருடம் தொடங்கி ஐந்தாவது மாதம் அவளுக்குத் தொண்டை கட்டியது. சளி என்றோம். ஆறு வாரம் ஆகியும் போகவில்லை. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அதையும் மேசையில் எழுதுகிற அந்தப் பெண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள், கடுகளவு சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். வெளியே வந்து, கரகரத்த குரலில், "நமக்கு முன்னாடி என் தொண்டை சினிமாவுக்குப் போயிடுச்சு பாத்தியா" என்றாள். சீட்டு எழுதிய நர்ஸம்மா, "ஏதாவது இருந்தா விடுதிக்குக் கடிதம் வரும். வரலைன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். சந்தோஷமா இருங்க" என்றாள். என் பங்குக்கு இதையும் சொல்ல வேண்டும்: நர்ஸம்மா அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் எல்லாமே வேறு மாதிரிப் போயிருக்கும்.

எட்டாம் நாள் கடிதம் வந்தது. விடுதி மாடிப்படிக்குக் கீழே மரத்தில் அறை அறையாகத் தபால் பெட்டி இருக்கிறது. எங்கள் அறைக்கு ஒரே பெட்டி. நான் எடுத்தேன். ஒத்திகை அறை ஒன்று காலியாக இருந்தது, அங்கே பியானோ முன்னால் உட்கார்ந்து பிரித்தேன். அவளுக்குப் பயமான செய்தி என்றால் பக்குவமாகச் சொல்லலாமே என்றுதான் பிரித்தேன். குரல்நாணில் சின்ன வளர்ச்சி. நல்லதல்ல. ஆனால் ஆரம்ப நிலை. பத்து நாளுக்குள் வந்து சேர்ந்தால் அதை மட்டும் எடுத்துவிடலாம், குரல் தங்கும் என்று எழுதியிருந்தது. அதுவரை பாட வேண்டாம், அதிகம் பேச வேண்டாம்.

அன்று தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. ஜோடியில் ஒருவர் நோயால் விலகினால் என்ன விதி என்று கேட்பீர்கள். விலகியவருக்கு அடுத்த வருடம் தேர்வு. மற்றவர் அதே நாளில் தனியாகப் பாட வேண்டும். அவளுக்கு ஒரு வருடம் போகும், எனக்கு எல்லாமே போகும்.

நான் அழுதேன், மேடம். அந்தப் பியானோ மூடிமேல் தலையைக் கவிழ்த்து, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன். ஏழு வாரம் என்பது என்ன பெரிய காலம்? ஒரு சட்டை தைக்கக் கொடுத்தாலே மூன்று வாரம் இழுத்தடிக்கிறார்கள். ஆரம்ப நிலை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பத்து நாள் என்று சொன்னால்தான் ஒரு மாதத்தில் வருவார்கள் என்று தெரிந்து சொல்லியிருப்பார்கள். தேர்வு முடிந்த அன்று மாலையே கையில் கொடுத்துவிடலாம். அவளும் தேறியிருப்பாள், ஒரு வருடம் மிச்சம். இரண்டு பேருக்குமே நல்லது. அப்படித்தான் தோன்றியது. கடிதத்தை மடித்து என் பாட்டு ஃபைலில் வைத்தேன். கிழிக்கவில்லை. கிழித்திருந்தால்தானே தப்பு? பத்திரமாக வைத்திருந்தேன்.

அறைக்குப் போனதும் கேட்டாள்.

"தபால் பாத்தியா? எனக்கு ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணும் வரல."

"இன்னும் ரெண்டு நாள் பாப்போம்."

"பாப்போம்."

இரண்டு நாள் பார்த்தாள். வரவில்லை. கட்டிலில் ஏறி நின்று குதித்தாள், அவள் உடம்புக்குக் கட்டில் முனகியது. என்னைக் கட்டிப்பிடித்தாள். வெளியே கூட்டிப்போய் கேக் வாங்கிக் கொடுத்தாள். அதற்கு முன் அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததே இல்லை.

கடிதம் சொன்னதை நான் முழுக்க மறைத்துவிட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியில்லை. அதிகம் பேசக் கூடாது என்று இருந்ததா? "தேர்வு வரைக்கும் ரூம்ல பேசாத. குரலைச் சேத்து வை" என்று சொன்னேன். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்தேன். ஏதாவது வேண்டுமென்றால் அதில் எழுதிக் காட்டுவாள். அதிலும் குறும்புதான். "உன் குறட்டை இப்பல்லாம் மேல்குரல்ல கேக்குது" என்று எழுதுவாள். காலை மாலை ஆவி பிடிக்க வைத்தேன். ஃபிளாஸ்கில் வெந்நீர் வைத்தேன். ஒத்திகையில் அவள் மூச்சுக் கோடுகளை அதிகமாக்கி என்னுடையதைக் குறைத்தேன். என்னைப் போல ஒருத்தியை அவள் அப்பாகூடப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது கடிதம். ஏன் வரவில்லை, உடனே தொலைபேசியில் அழைக்கவும் என்று அடிக்கோடு போட்டிருந்தது. அழைக்காவிட்டால் அவர்களே விடுதிக்கு அழைப்பார்கள் என்று பயந்தேன். அதனால் நூலகத்துக்கு வெளியே நின்று நானே அழைத்தேன். அவள் பெயரைச் சொன்னேன். சொந்த ஊரில் வேறு ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எடுத்தவர் வயதான குமாஸ்தா போலிருக்கிறது, நல்ல மனிதர். "சரிம்மா. இந்த நோய்க்காரங்க குரலே கேக்க முடியாது, உங்களுக்குத் தெளிவா இருக்கு. நல்லா ஆயிடும்" என்றார். எனக்குத் தெம்பாக இருந்தது. ஒரு நிமிடம், நானே அவளாகி, நானே குணமாகிவிட்டது போலக்கூட இருந்தது.

அந்த வாரம்தான் துவைக்க எடுத்த துணிகளில் அவள் கைக்குட்டையைப் பார்த்தேன். ரத்தம். பெரிதாக இல்லை, பொட்டு மாதிரி. அவள் அதைச் சுருட்டித் தலையணை உறைக்குள் திணித்திருந்தாள். என்னிடமிருந்து ஒளித்திருக்கிறாள். உடனே படியிறங்கி அக்காவை அழைத்தேன். சொல்லிவிடுவது என்றுதான் அழைத்தேன், சத்தியமாக.

"அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நீ அப்பறம் சொல்லு, நான் மொதல்ல சொல்றேன். உன் பட்டமளிப்புக்கு லீவு எழுதிக் கொடுத்துட்டேன். கவுன்டர்ல எல்லாருக்கும் தெரியும், தங்கச்சி மியூசிக் டீச்சர் ஆகப்போறான்னு. அம்மா கண்ணாடி மாத்திட்டா, உன்ன மேடையில தெளிவா பாக்கணுமாம்."

"ம்."

"என்னமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்ல. ஷூவுக்கு பாலிஷ் தீந்துபோச்சு."

பாலிஷ் தபாலில் வந்தது, நாலாவது நாள். கைக்குட்டையை நான் துவைத்து, மடித்து, மற்ற துணிகளோடு அவள் அலமாரியில் வைத்தேன். அவளும் அதைப் பற்றி எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

தேர்வு நாளைப் பற்றிக் கேட்டீர்கள். மாஸ்டரை உள்ளே விட மாட்டார்கள், சொந்த மாணவர்கள் என்பதால். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பச்சைத் துணித் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். முகம் பார்த்து மதிப்பெண் போடக் கூடாது என்று அந்த ஏற்பாடு. மேடையில் நாலு குரல்வகைக்கும் ஒவ்வொரு ஜோடி, எட்டுப் பேர், சுருதி கொடுக்க ஒரு பியானோக்காரர். அவ்வளவுதான். அவள் எனக்கு இடது பக்கம் நின்றாள். அப்போது மிகவும் இளைத்திருந்தாள், மேடை உடுப்பைப் பின்பக்கம் ஊசி குத்தியிருந்தேன். தொடங்கும் முன் தன் தோளை என் தோளோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

பாடினோம். எட்டு நிமிடம். எனக்கு அவள் குரல் கேட்டது. மெலிதாக, ஆனால் அசையாமல், வழக்கமான இடத்தில். நான் அதைப் பிடித்துக்கொண்டு போனேன். கடைசிச் சுரம் முடிந்ததும் பியானோக்காரர் தன் சாவியைத் தொட்டுச் சரிபார்த்தார். சரியாக இருந்தது. மயிரிழைகூட இறங்கவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தேறிவிட்டோம். தேர்வாளர் குறிப்பை மாஸ்டர் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். "கீழ்க்குரல் ஜோடியின் இரு குரல்களும் ஒரே குரல்போல் இசைந்திருந்தன. இவ்வளவு ஒன்றிய ஜோடியைக் கேட்டதில்லை." வகுப்பே கைதட்டியது. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒன்று, ஐந்தாம் பக்கத்தில் மூன்று, ஆக நாலு இடங்களில் வரி அறுபட்டது, மாற்று மூச்சு கவனிக்கப்படவில்லை. மாஸ்டர் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். "நீங்களா? உங்க ரெண்டு பேருக்கா?" என்றார். தூண் சிரித்துக்கொண்டே காதைப் பிடித்துக்கொண்டாள், தப்பு தன்னுடையது என்பது போல.

ஆமாம், அன்று மாலையே கொடுத்திருக்க வேண்டும். எனக்கும் அது தெரியும். கொடுக்கத்தான் ஃபைலைத் திறந்தேன். கடிதத்தின் தலையில் தேதி இருந்தது. ஏழு வாரத்துக்கு முந்தைய தேதி. அதைக் கொடுத்தால், எங்கே இருந்தது இவ்வளவு நாள் என்று கேட்பாள். நாளை வேறு வழி யோசிப்போம் என்று மூடிவிட்டேன். மறுநாள் மூன்றாவது கடிதம் வந்தது, சொந்த ஊர் ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்டு. அதில் புதுத் தேதிதான். கொடுத்திருக்கலாம். ஆனால் முன்பு எழுதிய இரண்டு கடிதங்கள் என்று அதில் முதல் வரியிலேயே இருந்தது. அதையும் வைத்துவிட்டேன். அவள் நோட்டில், "குரல் இன்னும் வரல. டாக்டர்கிட்ட போகவா?" என்று எழுதினாள். "கடிதமே வரலியே, அவங்களே ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. இது களைப்பு. ஊருக்குப் போய் ரெஸ்ட் எடு" என்றேன். என்னைத்தான் நம்புவாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாள். பஸ் ஏற்றிவிட்டுக் கை ஆட்டினேன்.

ஒன்பது வாரம் கழித்து ஒரு காலையில் அவளுக்கு மூச்சு அடைத்தது. அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர், அன்று வீட்டில் இருந்தார், அது ஒன்றுதான் அவள் அதிர்ஷ்டம். உயிரைக் காப்பாற்றக் குரல்பெட்டியை முழுக்க எடுக்க வேண்டியிருந்தது. கழுத்தில் ஓட்டை போட்டு அது வழியாக மூச்சு விடுகிறாள். அவர் என்னையும் வரச்சொல்லி அழைத்தார். போனேன். வார்டுக்கு வெளியே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அது கழுத்தைத் தாண்டிப் போயிடுச்சாம்மா. நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா பாட்டே பாடியிருப்பான்னு சொல்றாங்க. இப்ப நாள் கணக்குல பேசுறாங்க. நீ கூட இருந்து பாத்துக்கிட்ட. அதை நான் மறக்க மாட்டேன்" என்றார். பெரிய ஆள், தோள் குலுங்கக் குலுங்க அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பு என்று எழுத வேண்டாம்.

அவள் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நோட்டில், "என் பாட்டு ஃபைலை அப்பாகிட்ட குடுத்தனுப்பு. நம்ம கோடெல்லாம் பாக்கணும்" என்று எழுதிக் காட்டினாள். மறுநாள் விடுதியில் அவரிடம் கொடுத்தேன். எங்கள் குழுவில் எல்லா ஃபைலும் ஒரே கறுப்பு அட்டை, மேடையில் ஒன்றுபோல் தெரிய வேண்டும் என்று விதி. பெயர் எழுதக் கூடாது. அவளுடையது என்று நான் கொடுத்தது என்னுடையதை. அவர் கட்டிலோரம் உட்கார்ந்து பிரித்தபோது மூன்று கடிதமும் அவள் மடியில் விழுந்ததாம். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், அவர் போலீஸில் புகார் கொடுத்ததும் நீங்கள்தானே வந்தீர்கள்.

இது என்ன தாள்? அவள் கொடுத்தனுப்பியதா? எனக்கா?

அவள் கையெழுத்துதான்.

சத்தமாகப் படிக்க வேண்டுமா? சரி. "கடிதத்தையெல்லாம் படிச்சேன். இதுக்காகத்தானா? நீ தேர்வுல தனியாத்தான் பாடின. எனக்கு அதுக்குப் பத்து நாள் முன்னாடியே குரல் சுத்தமா போயிடுச்சு. வாயை மட்டும் அசைச்சேன். உனக்கு அந்தக் காது கேக்காதுன்னு ரெண்டாம் வருஷமே தெரியும், அங்க ஃபேனே ஓடலடி. சொன்னா நீ பயந்துடுவன்னு சொல்லல. தோளை மட்டும் ஒட்டி வெச்சிருந்தேன். நான் இல்லாமயே உன்னால முடிஞ்சுது."

இது உண்மையில்லை, மேடம். அவளுக்குக் கோபம், அதனால் எழுதுகிறாள். எனக்கு அவள் குரல் கேட்டது. இந்தக் காதில் கேட்டது.

அந்த ஃபைல் உங்களிடம் இருக்கிறதா? கொஞ்சம் கொடுங்கள், நின்றுகொண்டே பார்க்கிறேன். மூன்றாம் பக்கம். என் கோடு ஒன்று. ஐந்தாம் பக்கம், ஒன்று, இரண்டு, மூன்று. நான் மூச்சு வாங்குகிற இடங்கள், நாலே நாலு, நான்தான் குறைத்துப் போட்டேன். தேர்வாளர் அறுபட்டது என்று எழுதியதும் இந்த நாலுதான். அந்த இடங்களில் அவள் பாடிக்கொண்டிருக்க வேண்டும். யாரும் பாடவில்லை.

இல்லை, எனக்கு ஒன்றுமில்லை. முட்டியை இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது.

நான் பேசுகிறேன், அந்தப் பெண் எழுதட்டும். மூன்று கடிதங்களையும் எடுத்தது நான். அவள் பெயரில் தொலைபேசியில் பேசியது நான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று சொன்னதும் நான். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவளுக்குக் குரல் போய்விட்டது என்று தெரிந்திருந்தால் அந்த நிமிடமே கடிதங்களைக் கொடுத்திருப்பேன். குரல் இல்லாத பிறகு எனக்கு அவள் எதற்கு? ஒரே அறையில் இருந்துகொண்டு, அவ்வளவு பெரிய விஷயத்தை அவள் என்னிடம் மறைத்துவிட்டாள்.